மகள் படிப்புக்கு எதுவும் சேர்க்கவில்லை, இப்போது பி.எஃப்.பை எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 47 வயது. ஈரோட்டில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. கையில் வருவது 46,000 ரூபாய். மனைவி வீட்டில் பிளவுஸ் தைத்துக் கொஞ்சம் சம்பாதிக்கிறாள். நாங்கள் இருவரும் ப்ளஸ் டூவோடு நின்றவர்கள். எங்கள் பெற்றோரும் காலேஜ் படிக்கட்டு மிதித்ததில்லை. மகள் இந்த வருடம் ப்ளஸ் டூ முடித்தாள், பொறியியல் கட்-ஆஃப் 172. கலந்தாய்வுக்குப் பதிவு செய்திருக்கிறோம். மகன் ஏழாவது. மகள் பிறந்த 2008-ல் என் சம்பளம் 8,000. தங்கை கல்யாணம், அப்பாவின் ஆபரேஷன், பிறகு வீடு என்று போய்விட்டது. இப்போது வீட்டுக் கடன் தவணை 11,500, பி.எஃப்.பில் 7 லட்சம், பிள்ளைகள் பெயரில் இரண்டு எல்.ஐ.சி. பாலிசி, மனைவியிடம் 14 பவுன். மகளின் படிப்புக்கென்று தனியாக எதுவும் இல்லை. மாதம் 7,000 வரை மிச்சம் பிடிக்கலாம். மத்திய அரசு வேலையில் இருக்கும் மச்சான், "பிறந்த அன்னைக்கே போட ஆரம்பிச்சிருக்கணும், பொறுப்பில்லாம இருந்துட்டீங்க" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். மகளும் "எனக்குன்னு எதுவுமே எடுத்து வைக்கலையாப்பா?" என்று கேட்டுவிட்டாள். ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸ் தருகிறார்கள். வருடம் 4 லட்சம், விடுதி ஒன்றேகால் லட்சம். ரசீது இல்லாமல் 2 லட்சம் தனி. இரண்டு நாளில் 1 லட்சம் கட்டிச் சீட்டை உறுதி செய்யச் சொல்கிறார்கள். பி.எஃப்.பை எடுத்து, நகையை விற்று, மீதிக்குக் கடன் வாங்கிக் கட்டிவிடலாமா? நாங்கள் செய்தது தப்புதானா?

பதில்:

வணக்கம். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த 1 லட்சத்தைக் கட்டாதீர்கள். கலந்தாய்வு முடியும்வரை எங்கேயும் முன்பணம் கொடுக்க வேண்டாம். காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன், ஆனால் இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு எழுந்து போவதாக இருந்தால் அது இதுவாக இருக்கட்டும்.

இனி, தப்பா என்ற கேள்வி. வங்கியில் கல்விக் கடன் மேசையில் பல வருடம் இருந்தவன் நான். இப்போது குடும்பங்களுக்கு நிதி ஆலோசனை சொல்கிறேன். மே, ஜூன் வந்தால் இந்தக் கேள்வியோடுதான் அதிகம் பேர் வருகிறார்கள். பெரும்பாலும் அப்பாக்கள் கேட்பார்கள், அம்மாக்கள் பக்கத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார்கள். அதனால் இதைச் சமாதானத்துக்காகச் சொல்லாமல் கணக்காகவே போட்டுப் பார்ப்போம்.

மகள் பிறந்த மாதத்திலிருந்து 17 வருடம், மாதம் 2,000 ரூபாய், 7 சதவீத வட்டியில் போட்டிருந்தால் இன்று சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் இருந்திருக்கும். நல்ல தொகைதான். ஆனால் உங்கள் சம்பளம் அப்போது 8,000. அதில் கால் பங்கை, 17 வருடம் கழித்து வரப்போகும் ஒரு செலவுக்காக எடுத்து வைத்திருக்க முடியுமா? முடியாது. தங்கைக்குக் கல்யாணம் செய்யாமல், அப்பாவுக்கு ஆபரேஷன் செய்யாமல் அந்தப் பணத்தைப் பூட்டி வைத்திருந்தால் அதை நான் பொறுப்பு என்று சொல்ல மாட்டேன். மாதம் 500 முடிந்திருக்குமா? முடிந்திருக்கலாம். அதற்கு இன்று கிடைப்பது சுமார் 1 லட்சத்து 95 ஆயிரம். உதவியாக இருந்திருக்கும். ஆனால் உங்கள் இன்றைய பிரச்சினையை அது தீர்த்திருக்காது. அந்த நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் அது ஐந்து மாதச் செலவைக்கூடத் தாண்டியிருக்காது.

உங்கள் மச்சான் சொன்ன கணக்கு சரி. நேரத்தோடு தொடங்கினால் சிறு தொகையும் வளரும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மாதம் தவறாத சம்பளம், அகவிலைப்படி, மருத்துவச் செலவுக்கு அரசின் ஏற்பாடு, இத்தனையும் இருக்கும் வீட்டின் அளவுகோலை உங்கள் வீட்டுக்கு வைப்பது நியாயமில்லை. அப்பாவின் ஆபரேஷனுக்கு நீங்கள் கையிலிருந்து கொடுத்தீர்கள். மிச்சம் பிடிக்க முடியாமல் போனதற்கு அது ஒரு காரணம் என்பது அவருக்குத் தெரியாமல் இருக்காது.

இன்னொன்றும் உண்டு. உங்கள் இருவர் வீட்டிலும் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. பொறியியல் படிப்புக்கு என்ன செலவாகும் என்று உங்களுக்கு யார் சொல்லியிருக்க முடியும்? நம் அப்பா தலைமுறையில் கல்லூரி என்றால் அரசுக் கல்லூரி, இல்லையென்றால் அரசு உதவி பெறும் கல்லூரி. இடம் கிடைப்பதுதான் கஷ்டம், கட்டணம் பெரிய விஷயமில்லை. தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது 1984-ல்தான், எம்.ஜி.ஆர். ஆட்சியில். அதற்குப் பிறகுதான் இடங்கள் பெருகின, கட்டணமும் குடும்பத்தின் தலையில் விழுந்தது. பிள்ளையின் கல்லூரிக்காகத் தனியாகச் சேமிப்பது என்ற பழக்கமே நம் ஊர் நடுத்தரக் குடும்பங்களுக்குப் புதிது. கல்யாணத்துக்குச் சேமித்தோம், வீட்டுக்குச் சேமித்தோம், நகைச் சீட்டு போட்டோம். கல்லூரி அந்த வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

நீங்கள் எழுதாத ஒரு செலவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான குடும்பங்களைப் போல நீங்களும் தனியார் பள்ளியில்தான் படிக்க வைத்தீர்கள் என்று நினைக்கிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து ப்ளஸ் டூ வரை 14 வருடம். சராசரியாக வருடம் 40,000 என்று வைத்தாலும் 5 லட்சத்து 60 ஆயிரம். அவளுக்கென்று எதுவும் எடுத்து வைக்கவில்லை என்று சொல்கிறீர்களே, எடுத்து வைத்ததையெல்லாம் வருடா வருடம் பள்ளியில் கட்டிவிட்டீர்கள். கல்லூரிச் சேமிப்பைச் சாப்பிட்டது பள்ளிக் கட்டணம்தான். அரசுப் பள்ளியில் 6-ம் வகுப்பிலிருந்து 12 வரை படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது, அவர்களுடைய கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. அதே பள்ளிகளில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. உங்கள் மகன் ஏழாவதுக்கு வந்துவிட்டதால் உங்களுக்கு இது பயன்படாது. ஐந்தாவது படிக்கும் பிள்ளை இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த வருடம் எந்தப் பள்ளி என்ற முடிவில் கல்லூரிக் கணக்கும் அடங்கியிருக்கிறது என்பதை யோசிக்கட்டும்.

ஆக, சேமித்திருக்கலாமா என்றால், சம்பளம் ஏறிய பிறகான பத்து வருடங்களில் கொஞ்சமாவது சேமித்திருக்கலாம். 2015-ல் செல்வமகள் சேமிப்புத் திட்டம் வந்தபோது உங்கள் மகளுக்கு 7 வயது. 10 வயதுக்குள் இருந்ததால் கணக்குத் தொடங்கியிருக்க முடியும். அந்த அளவுக்கு அது ஒரு விடுபட்ட வாய்ப்பு. பொறுப்பில்லாத்தனம் இல்லை.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சேமிக்கவில்லையே என்ற உறுத்தலோடு வரும் பெற்றோர்தான் ஜூன் மாதத்தில் மிக விலை உயர்ந்த சீட்டை வாங்குகிறார்கள். சேர்க்காமல் விட்டதற்கு ஈடாக இப்போதாவது பெரிதாக ஒன்று செய்துவிட வேண்டும் என்று தோன்றும். மகளின் அந்த ஒரு கேள்வி, மச்சானின் அந்த ஒரு பேச்சு, இரண்டும் சேர்ந்து உங்களை 23 லட்சம் ரூபாய்ச் செலவுக்குத் தள்ளுகின்றன. சேமிக்காததால் உங்களுக்கு வந்த கஷ்டம் சமாளிக்கக்கூடியது. அந்த உறுத்தலில் எடுக்கப்போகும் முடிவால் வரும் கஷ்டம் சமாளிக்க முடியாதது. எனக்கு உங்கள் கடிதத்தில் பயம் தந்தது அதுதான்.

23 லட்சம் எப்படி என்று பாருங்கள். வருடம் 4 லட்சமும் விடுதிக்கு ஒன்றேகாலும் சேர்த்து 5.25 லட்சம், நான்கு வருடத்துக்கு 21 லட்சம். ரசீது இல்லாத 2 லட்சம் மேலே. அந்த 21 லட்சத்தை 10 சதவீத வட்டியில் கடனாக வாங்கினால், படிக்கும் நான்கு வருடமும் அதற்குப் பிந்தைய ஒரு வருடமும் ஓடும் வட்டி மட்டும் 7 லட்சத்து 35 ஆயிரம் சேரும். மகள் வேலைக்குப் போகும்போது கடன் 28 லட்சத்தைத் தாண்டியிருக்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 37,500 கட்ட வேண்டும். முதல் வேலையில் அவள் கையில் அந்த அளவு சம்பளம் வருமா என்பதே சந்தேகம், வந்தாலும் முழுவதையும் தவணைக்கே கொடுக்க வேண்டும்.

நீங்கள் யோசித்திருப்பது முழுக் கடன் இல்லை, பி.எஃப்.பையும் நகையையும் போட்டுவிட்டு மீதிக்குக் கடன். எனக்கு அது இன்னும் ஆபத்தாகத் தெரிகிறது. படிப்புக்காகப் பி.எஃப்.பிலிருந்து எடுக்க விதி இடம் தருகிறது, உண்மைதான். ஆனால் 58 வயதுக்கு உங்களுக்கு இன்னும் 11 வருடம்தான். பி.எஃப்.போடு சேர்ந்து வரும் ஓய்வூதியத்தின் கணக்கு எப்படி என்றால், சராசரி ஊதியத்தை வேலை பார்த்த வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுப்பார்கள். அந்த ஊதியத்துக்கு 15,000 என்று உச்சவரம்பு இருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு மாதம் 7,000-கூட வராது. அதனால் உங்கள் இருவருக்கும் முதுமைச் சோறு அந்தப் பி.எஃப். பணம்தான். மகள் படிக்கக் கடன் தர வங்கிகள் இருக்கின்றன. 65 வயதில் உங்கள் மருந்துக்கும் மளிகைக்கும் யாரும் கடன் தர மாட்டார்கள். அன்றைக்கு அந்தச் செலவு மகள் தலையில்தான் விழும். இன்று அவளுக்காக என்று எடுக்கும் பணத்தை நாளை அவளே திருப்பிக் கட்டும்படி ஆகிவிடும்.

நகை உங்கள் மனைவியின் சொத்து. விற்பதா வேண்டாமா என்பது அவர் முடிவு. அவர் முழு மனதோடு இரண்டு மூன்று பவுனை மகள் படிப்புக்குத் தருகிறேன் என்றால் அதில் தப்பில்லை. கல்யாணத்துக்கு என்று பெட்டியில் இருப்பதைவிட நல்ல உபயோகம்தான் என்பது என் கருத்து. ஆனால் 14 பவுனையும் ஒரு வருடக் கட்டணத்துக்குக் கரைத்துவிட்டு, இரண்டாம் வருடம் எப்படி என்று உட்கார்ந்திருக்கும் வீடுகள் உண்டு. அப்படி ஆக வேண்டாம்.

இனி அந்தச் சீட்டைப் பற்றி. தமிழ்நாட்டில் நன்கொடை வாங்குவதைத் தடை செய்யும் சட்டம் 1992-லேயே வந்துவிட்டது. ரசீது தர மாட்டேன் என்று ஒருவர் 2 லட்சம் கேட்டால், நாளை சேர்க்கையில் ஏதாவது கோளாறு வந்தால் அந்தப் பணத்துக்கு நீங்கள் எந்தக் கதவையும் தட்ட முடியாது. இரண்டு நாள் கெடு வைப்பது நீங்கள் யோசிக்கக் கூடாது என்பதற்காக. ஏற்கெனவே ரசீதோடு ஏதாவது கட்டியிருந்தாலும் பயப்பட வேண்டாம். சேர்க்கையை ரத்து செய்தால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. எவ்வளவு திரும்பும் என்பது நீங்கள் எந்தத் தேதியில் விலகுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் விலகுவதாக இருந்தால் சீக்கிரம், எழுத்தில் விலகுங்கள்.

நல்ல செய்தியை இப்போது சொல்கிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் வருத்தத்தோடு எழுதிய ஒரு வரிக்குப் பண மதிப்பு இருக்கிறது. வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை என்றீர்களே, அப்படியானால் உங்கள் மகள் முதல் தலைமுறைப் பட்டதாரி. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வு வழியாகச் சுயநிதிக் கல்லூரியில் சேரும் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணத்தில் வருடம் 25,000 வரை சலுகை உண்டு. சாதி, வருமான வரம்பு எதுவும் கிடையாது. இ-சேவை மையம் வழியாக முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு விண்ணப்பித்து வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்க வேண்டும். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும், தம்பிக்கு வராது. நிர்வாக ஒதுக்கீட்டிலோ நிகர்நிலைப் பல்கலைக்கழகத்திலோ சேர்ந்தால் இவளுக்கும் வராது. நான்கு வருடத்தில் 1 லட்சம் ரூபாய். உங்களால் சேமிக்க முடியாமல் போனதில் பாதியை அரசு தருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சான்றிதழ் இன்னும் வாங்கவில்லை என்றால் நாளைக் காலையில் முதல் வேலை அது.

கலந்தாய்வு இடங்களுக்கு அரசின் கட்டணக் குழு நிர்ணயித்துப் பல வருடம் நடைமுறையில் இருந்த கட்டணம் 50,000, தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. இந்த வருடத்துக்கான தொகையைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பேருந்து, தேர்வு, பயிற்சி, "இதர" என்று கல்லூரிகள் சேர்ப்பதுதான் குடும்பங்களைத் திணற வைக்கிறது. சேர்வதற்கு முன்பே நான்கு வருடத்துக்கான முழுப் பட்டியலையும் எழுத்தில் கேளுங்கள். தர மறுக்கும் கல்லூரியை நான் என் பிள்ளைக்குத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

கட்-ஆஃப் 172 என்பது உதறித் தள்ளும் மதிப்பெண் இல்லை. போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்பது வகுப்புவாரியாகக் கலந்தாய்வு இணையதளத்தில் கிடைக்கிறது. மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பெருந்துறை, கோபி, திருச்செங்கோடு பக்கம் வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய கல்லூரிகள் இருக்கின்றன. விடுதிச் செலவு மிச்சமானால் உங்கள் கணக்கில் பாதிப் பாரம் குறையும். அண்ணா பல்கலைக்கழகம் தன் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி சதவீதத்தை வெளியிடுகிறது, அதையும் பாருங்கள். வேலைவாய்ப்பு பற்றிக் கேட்கும்போது அதிகபட்சச் சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். அது ஒருவருக்குக் கிடைத்தது. அவள் சேரும் பிரிவில் போன வருடம் எத்தனை பேர் படித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை வந்தது, நடுவில் இருக்கும் பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கேளுங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்ற பெயருக்காக மட்டும் சாதாரணக் கல்லூரிக்கு நான்கு மடங்கு கொடுப்பதைவிட, நல்ல கல்லூரியில் மின்னணுவியலோ மின்னியலோ படிப்பது மேல் என்பது நான் பார்த்தவரையில் என் முடிவு. மகளுக்கு உண்மையில் என்ன பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. அவளிடம் கேட்டீர்களா?

சரி, பணக் கணக்கு. விடுதியோடு சேர்த்தே வருடம் ஒன்றரை லட்சம் என்று வைப்போம். முதல் பட்டதாரிச் சலுகை போக 1 லட்சத்து 25 ஆயிரம். உங்களால் முடியும் 7,000-ல் மாதம் 3,000 இதற்கு ஒதுக்கினால் வருடம் 36,000. மீதி சுமார் 90,000-ஐக் கல்விக் கடனாக வாங்குங்கள். நான்கு வருடத்தில் 3 லட்சத்து 60 ஆயிரம். 4 லட்சத்துக்குள் இருப்பதால் சொத்துப் பிணை கேட்க மாட்டார்கள், உங்கள் பங்காக முன்பணமும் போட வேண்டியதில்லை. நீங்கள் இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். வீட்டுக் கடனை ஒழுங்காகக் கட்டி வருகிறீர்கள் என்றால் உங்கள் சிபில் மதிப்பெண்ணும் கைகொடுக்கும்.

படிக்கும் காலத்தில் வட்டியை மட்டும் மாதாமாதம் கட்டிவிடுங்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். 10 சதவீதம் என்றால் முதல் வருடம் மாதம் 750 ரூபாய்தான், நான்காம் வருடம் 3,000 ஆகும். கட்டினால் பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் குறைக்கின்றன. பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதச் சலுகை தரும் வங்கிகளும் உண்டு. இப்படிக் கட்டி வந்தால் மகள் வேலைக்குப் போகும்போது கடன் அதே 3.6 லட்சமாக நிற்கும். ஏழு வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 6,000. சுமாரான முதல் சம்பளத்திலேயே அவளால் கட்ட முடியும். வேலை கிடைக்க ஆறு மாதம் தாமதமானாலும் உங்கள் சம்பளத்தில் தாங்க முடியும். எவ்வளவு கடன் வாங்கலாம் என்பதற்கு நான் வைக்கும் அளவு இதுதான்: மகள் தனியாகக் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும், அவளால் முடியாத நிலையில் நீங்கள் வீட்டை விற்காமல் கட்டக்கூடியதாகவும் இருக்க வேண்டும். 37,500 ரூபாய்த் தவணை இந்த இரண்டிலும் தேறாது.

பி.எம். வித்யாலட்சுமி என்று ஒரு திட்டம் 2024 நவம்பரில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்து வந்திருக்கிறது. தேர்ந்தெடுத்த தரமான கல்வி நிறுவனங்களில் தகுதி அடிப்படையில் சேருவோருக்குப் பிணையில்லாக் கடன், குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையிலான கடனுக்குப் படிப்புக் காலத்தில் 3 சதவீத வட்டி உதவி. உங்கள் வருமானம் அந்த வரம்புக்குள் இருக்கிறது. ஆனால் கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். வேறு அரசு உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ பெறுவோருக்கு இந்த வட்டி உதவி இல்லை என்ற நிபந்தனையும் உண்டு. உங்கள் கடன் 3.6 லட்சத்தைத் தொடும்போதுகூட 3 சதவீதம் என்பது வருடம் 10,800தான். முதல் பட்டதாரிச் சலுகை 25,000. எதைப் பிடிக்க வேண்டும் என்பதில் குழப்பமே இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பக் கல்விக்கான மத்தியக் குழுவான ஏ.ஐ.சி.டி.இ.யின் பிரகதி உதவித்தொகை வருடம் 50,000 இருக்கிறது. போட்டி உண்டு, மதிப்பெண் அடிப்படையில்தான் கிடைக்கும். ஆனாலும் விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். கிடைத்தால் கடனில் பாதிக்குமேல் தேவைப்படாது.

மகன் விஷயத்தைத் தள்ளிப்போடாதீர்கள். அவன் கல்லூரிக்குப் போக இன்னும் ஆறு வருடம் இருக்கிறது. மாதம் 3,000 ரூபாய்க்கு அஞ்சலகத்திலோ வங்கியிலோ தொடர் வைப்பு போடுங்கள், கையில் இரண்டரை லட்சத்துக்குமேல் வரும். சம்பளம் உயரும்போது இதையும் உயர்த்துங்கள். இந்த முறை யாரும் உங்களிடம் வந்து எதுவும் கேட்க முடியாது. மகளுக்கு 3,000, மகனுக்கு 3,000, வட்டிக்கு 750, முதல் வருடம் எல்லாம் உங்கள் 7,000-க்குள் அடங்குகிறது. வட்டி ஏறும்போது கூடுதலாகப் போவதைச் சம்பள உயர்விலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், பிள்ளைகள் பெயரில் எடுத்த அந்த இரண்டு பாலிசிகள். உங்களுக்கு ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு அவை எவ்வளவு தரும் என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் மிகச் சிறிய தொகையாக இருக்கும். சம்பாதிப்பது நீங்கள், காப்பீடு இருக்க வேண்டியது உங்கள் உயிருக்கு. கல்விக் கடனில் கையெழுத்துப் போடுவதற்கு முன் உங்கள் பெயரில் ஒரு டேர்ம் பாலிசி எடுத்துவிடுங்கள். அதற்காகப் பழைய பாலிசிகளை உடனே சரண்டர் செய்ய வேண்டாம், கட்டியதில் கணிசமாக இழப்பீர்கள். எத்தனை வருடம் மீதி என்று பார்த்த பிறகு முடிவு செய்யலாம்.

மகள் கேட்ட கேள்விக்கும் பதில் வேண்டும் அல்லவா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நோட்டை எடுத்து வைத்து, சம்பளம், தவணை, பள்ளிக் கட்டணம், தாத்தாவின் ஆபரேஷன் எல்லாவற்றையும் அவளிடம் காட்டுவேன். 17 வயதுப் பெண்ணுக்குப் புரியும். அவள் பெயரில்தான் கடன் வரப்போகிறது. இரண்டு சீட்டுகளின் கணக்கையும் அவள் முன் வைத்து அவளும் சேர்ந்து முடிவு செய்யட்டும். வீட்டு வரவு செலவு தெரிந்த பிள்ளைகள் பெரும்பாலும் நாம் நினைப்பதைவிட நிதானமாக முடிவெடுக்கிறார்கள், இதை மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன்.

கலந்தாய்வில் இடம் உறுதியானதும் வித்யாலட்சுமி இணையதளத்தில் கடனுக்கு விண்ணப்பியுங்கள், பிறகு உங்கள் சம்பளக் கணக்கு இருக்கும் கிளைக்கு மகளையும் அழைத்துக்கொண்டு போங்கள். ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி தரும் நான்கு வருடக் கட்டண விவரம், மதிப்பெண் பட்டியல்கள், வருமானச் சான்று, இருவரின் ஆதார், பான், உங்கள் சம்பளச் சீட்டு ஆகியவை கையில் இருக்கட்டும். "இங்கே கல்விக் கடன் தருவதில்லை" என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் திரும்பி வந்துவிடாதீர்கள். ஒரு விண்ணப்பத்தை மறுப்பதற்கு மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது வங்கிகளின் பொது வழிகாட்டுதலிலேயே இருக்கிறது. மறுப்பை எழுத்தில் கேளுங்கள், தராவிட்டால் மண்டல அலுவலகத்துக்கு எழுதுங்கள், அங்கும் ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டணம் ஏதும் இல்லை.